மூச்சுக்குழலில் ஓர் ஏலக்காய்

தாயி,

பேத்தாலஜி மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ வந்து சொன்ன அன்று, நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களின் முகங்களை நீயும் பார்த்தாய். உன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப நீ ஊசி போட மாட்டியா? நாடி புடிச்சுப் பாக்க மாட்டியா? அஞ்சு வருசம் படிச்சுட்டு பொணம் அறுக்கிற சோலிக்கா போற?” என்றாள். உன் அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து உன் வாயில் ஒரு பிடி போட்டாள். நான் சிரித்தேன். நான் சிரிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். பிறகு என்னிடம் வந்து, “எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, உங்களுக்கு மட்டும் ஏம்ப்பா இவ்வளவு சந்தோஷம்?” என்று கேட்டாய். அதற்கு ஒரு கதை இருக்கிறது. உன் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கிற இடத்தில் அந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. பாதியில் என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு தன் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார். ஆகவே எழுதுகிறேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்குள் படித்துவிடு.

எனக்கு உடம்பு முடியாமல் போனது எழுபதுகளின் நடுவில். நீ அப்போது திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குச் சளி என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். விடுமுறைக்கு நீ வந்தபோதெல்லாம் நான் சட்டையைக் கழற்றாமல் இருந்ததற்குக் காரணம் நீ என் விலா எலும்புகளைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் பொதுவாக, போடிமெட்டைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டம் இருந்தது. அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். நான் மதுரையில் பி.ஏ. முடித்தவன். படித்தவன் மலையில் கிடந்து தோட்டத்தைப் பார்ப்பது, படிக்காதவர் கீழே போடியில் உட்கார்ந்து காயைச் சலித்து விற்பது என்று அவரே ஏற்பாடு செய்தார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “நீ சும்மா கெடடா” என்பார். எனக்குக் கல்யாணமாகி நீ பிறந்த பிறகும் அதேதான். மனிதர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளும் விஷயங்களில் என்னுடையவை கொஞ்சம் அதிகம். இந்தக் கடிதத்தில் அவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்.

ஒரு காய் பறிப்பின்போது எனக்கு இழுப்பு ஆரம்பித்தது. பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோர் எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். வெளியே அடுப்பில் கட்டை எரியும். சூடு குழாய் வழியாக அறைக்குள் ஓடும். தட்டுத் தட்டாக அடுக்கிய காயைப் புரட்டிப் போடுவதற்கு ஆள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் புகையும் வெக்கையும்தான் என் நெஞ்சில் ஏறிவிட்டன என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். போடியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சட்டைக்கு மேலேயே குழலை வைத்துப் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனதும் வெளிச்சத்தில் அரை நிமிடம் தூக்கிப் பிடித்துவிட்டு உன் அம்மா கையில் கொடுத்துவிட்டார். உன் அம்மாதான் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னாள்: “வலது பக்கமா ஒருச்சாச்சுப் படுத்தா விசிலடிக்குது டாக்டர். இடது பக்கம் திரும்புனா அந்தச் சத்தம் கொறையுது.” அவர் சிரித்தார். “ஆஸ்துமாங்கிறது ரெண்டு நுரையீரல்லயும்தாம்மா இருக்கும். வலது எடதெல்லாம் அதுக்குக் கெடையாது” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அப்படியானால் இது ஆஸ்துமா இல்லையே என்பது மட்டும் அந்த வாய்க்குச் சொந்தமான காதில் விழவில்லை. நான் இன்றுவரை அந்த டாக்டர் இருக்கும் தெரு வழியாகப் போவதில்லை.

மாத்திரை தின்றே நாட்கள் போயின. பிறகு காய்ச்சல் வந்தது, போனது, திரும்ப வந்தது. ஒரு நாள் காலையில் துப்பிய சளியில் ரத்தம் இருந்தது. அதோடு என் வியாதிக்குப் பெயர் மாறிவிட்டது. டி.பி. என்றார்கள். சளியைச் சோதித்துப் பார்த்தார்கள்; கிருமி இல்லை. மறுபடி பார்த்தார்கள், இல்லை. “ஒளிஞ்சிருக்கு, ஊசி போட்டா வெளிய வரும்” என்றார் அதே டாக்டர். ஊசி போட்டுப் போட்டு உட்கார இடமில்லாமல் போயிற்று. கிருமி வெளியே வரவில்லை. செய்தி மட்டும் ஊரெல்லாம் வந்துவிட்டது. உன் பெரியப்பா ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறி வந்தார். “கூலியாளுக பயப்படுறாங்கடா. நீ கீழ வந்து ரெஸ்ட் எடு” என்றார். நான் என் சாமான்களைக் கட்டி முடிப்பதற்குள் உன் பெரியம்மாவின் தம்பி என் கட்டிலில் படுக்கையை விரித்தாயிற்று. போடியில் அவர்கள் வீட்டுக்கு நான் போனால் எனக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர். அதை அடுக்களைக்குள் வைக்க மாட்டார்கள். மாட்டுக்கொட்டத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். மதினி, அதுதான் உன் பெரியம்மா, அதில் காபி ஊற்றிக் கொடுக்கும்போது கை படாமல் கீழே வைத்துவிட்டு விலகிக்கொள்வார். அது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான் என்று உன் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். எல்லா வீட்டிலும் நான் காபி குடிக்கவில்லை.

மாடிப்படி ஏற முடியாமல் போனதும் மதுரைக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் பெரியப்பாதான். கூடவும் வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எனக்கு எத்தனை நாள் என்பதைத் தன் காதால் கேட்டுக்கொள்ள வருகிறார் என்றுதான் நினைத்தேன். அங்கே நெஞ்சு வியாதிக்கான பெரிய டாக்டர் புதிதாக எடுத்த எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். வலது நுரையீரலின் வேர்ப்பக்கத்தில் உருண்டையாக ஒரு நிழல். அதற்குள் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். “பழைய டி.பி. கட்டி. சுண்ணாம்பு பூத்திருக்கு. குழாயை அமுக்குது. ஊசியை இன்னும் ஒரு வருசம் தொடருவோம்” என்றார். என் பின்னால் நின்றிருந்த பெரியப்பா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். படத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“அய்யா, இது கட்டி இல்லீங்க. காய்ங்க.”

“எந்தக் காய்?”

“ஏலக்காய்ங்க. நல்லா முத்துன எட்டு எம்எம் காய். பொழுதன்னைக்கும் சல்லடையில சலிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதுங்களா?”

டாக்டர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தார். பெரியப்பா விடவில்லை. “இவன் வாயில எந்நேரமும் காய் கெடக்கும்ங்க, வெத்தலை மாதிரி. ஒருக்க நாங்க தோட்டத்துல இருந்து எறங்கும்போது போடிமெட்டு வளைவுல ஜீப்பு குழியில விழுந்து குலுங்குச்சு. இவனுக்குப் பொரையேறி, மூச்சு நின்னு, கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. நான்தான் முதுகுல குத்துனேன். துப்புனான், பாதிக் காய்தான் வந்துச்சு. மீதி எங்கடான்னு அப்பவே கேட்டேன். இந்தா இருக்கு பாருங்க!” என்று படத்தில் விரலை வைத்தார். டாக்டரின் முகம் மாறியது. மூச்சுக்குழலில் கடலையோ புளியங்கொட்டையோ போய் அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சளியும் காய்ச்சலுமாகக் கிடப்பவர்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். “அந்தப் பொரையேறுனதுக்கு அப்புறம்தான் இழுப்பு வந்துச்சா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை. இழுப்பு அதற்கு முந்தைய பறிப்பிலேயே தொடங்கிவிட்டது. ஜீப் குலுங்கியது அதற்குப் பிறகுதான். நான் படித்தவன், எது முன்னால், எது பின்னால் என்று எனக்குச் சரியாகத் தெரியும். “இல்ல டாக்டர், அதுக்கு முந்தியே…” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா கெடடா! ஒனக்கு என்ன தெரியும்? ஆமாங்கய்யா, அதுக்கு அப்புறம்தான்” என்றார் உன் பெரியப்பா.

இந்த இடத்தை நீ இரண்டாம் முறை படித்துக்கொள், தாயி. அன்று அவர் என்னைப் பேச விட்டிருந்தால் டாக்டர் தலையசைத்துவிட்டு ஊசிச் சீட்டு எழுதியிருப்பார். நான் போடிக்குத் திரும்பி அந்த அலுமினியத் தம்ளரில் காபி குடித்துக்கொண்டே செத்திருப்பேன். அவர் சொன்னது பொய். அந்தப் பொய்யால்தான் என் மூச்சுக்குழலுக்குள் ஒரு மனிதர் கண்ணால் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் அவரிடம் பட்ட அவமானங்களிலேயே மிகவும் பழையது எதுவோ, அதுவே என்னைக் காப்பாற்றியது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும்வரை மதுரையில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே பெரியப்பா தானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கட்டிலின் ஓரத்தில் என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் குத்தினார். “இருமுடா! நல்லா இருமு! கைக்கு எட்டுன காய விட்றாத!” என்று கத்தினார். உன் அம்மா வந்து, “மாமா, காய் வர்றதுக்கு முந்தி ஆளு போயிருவாரு” என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

நெஞ்சு அறுவைச் சிகிச்சை செய்பவர் வேறொருவர். வயதானவர், வார்த்தைகளை அளந்து பேசுபவர். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, தலையைப் பின்னால் தொங்கவைத்து, இரும்புக் குழாய் ஒன்றை வாய் வழியாக உள்ளே செலுத்தினார். எனக்கு நினைவு இருந்தது. கேரளத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “பேடிக்கண்டா சாரே, பேடிக்கண்டா” என்று, பயப்பட வேண்டாம் என்பதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஒரு கண்ணைக் குழாயில் வைத்துப் பார்த்தார். “இருக்குய்யா. குழாய் நடுவுல உருண்டையா ஒண்ணு நிக்குது” என்றார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், “காயா சார்?” என்றார். “காயா இருந்தா தோல் சுருங்கியிருக்கும். இது வழவழன்னு இருக்கு.” இடுக்கியை உள்ளே விட்டார். அது வழுக்கியது. திரும்பவும் இடுக்கியால் கவ்விப் பிடித்தார். என் நெஞ்சுக்குள் இரும்பு எதன் மேலோ தட்டியதை நான் காதால் கேட்கவில்லை; உடம்பால் கேட்டேன். கல்லின் மேல் தட்டியது போல இருந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சின்னச் சின்னச் சில்லுகளாகக் கொஞ்சம் பெயர்த்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அனுப்பிய சீட்டில், அண்ணன் கொடுத்த துப்பை மதித்து, “ஏலக்காய்?” என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்.

முடிவு வந்தது. காய் இல்லை, வெறும் குருத்தெலும்பு. நம் மூச்சுக்குழல் அமுங்கிப்போகாமல் நிற்பதற்கு அதன் சுவரில் இயற்கையாகவே குருத்தெலும்பு இருக்கிறது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுக்கி நோயைக் கடிக்காமல் நல்ல சுவரைக் கடித்துவிட்டது என்று சோதனைக்கூடத்தில் எழுதிவிட்டார்கள். அறுவை டாக்டர் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். கெட்டியாக, அசையாமல் நிற்கிறது, ரத்தம் வருகிறது, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார், இதைப் புற்று என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்றார். வலது நுரையீரலை முழுதாக எடுத்துவிட வேண்டும். “ஒண்ணை வச்சுக்கிட்டு உயிர் வாழலாம். ஆனா மலையேற்றம், தோட்டமெல்லாம் மறந்துருங்க” என்றார். உன் அம்மா அழவில்லை. “அறுத்துப் பாத்துட்டுச் சொல்றீங்களா டாக்டர், சொல்லிட்டு அறுக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். அவர் எழுந்து போனார். உன் பெரியப்பா அன்று சாயங்கால பஸ்ஸிலேயே போடிக்குத் திரும்பினார். மதினியின் தம்பி இனிமேல் தோட்டத்தை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்வான் என்று அந்த வாரமே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இது பொய்யில்லை, கேட்ட மூன்று பேர் என்னிடம் வந்து சொன்னார்கள்.

அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் ஒரு காலை நேரம், வார்டுக்குள் குள்ளமான ஓர் அம்மாள் வந்தார். பருத்திப் புடவை, சாதாரணச் செருப்பு. யாரையோ பார்க்க வந்த விருந்தாளி என்று நினைத்தோம். விரல் நுனிகளில் மட்டும் ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயக்கறை. நடுவில் நின்றுகொண்டு, “இங்க ஏலக்காய் யாரு?” என்று கேட்டார். வார்டே சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். நோயாளியின் பெயரை விட அந்தச் சீட்டில் இருந்த கேள்விக்குறிதான் அவர் மனசில் நின்றிருக்கிறது. அவர் சோதனைக்கூடத்து டாக்டர். அந்த வேலை செய்பவர்கள் வார்டுக்கு வருவதை அங்கிருந்த நர்சுகளே அதற்கு முன் பார்த்ததில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து இழுப்பு? எந்தப் பக்கம் சத்தம்? உன் அம்மா வலது பக்கத்து விசிலைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “நெசமாவா? ஒரு பக்கம் மட்டும்தானா?” என்று திரும்பக் கேட்டார். பொரையேறியது முன்னாலா பின்னாலா என்று கேட்டார். இந்தத் தடவை குறுக்கே பேச ஆள் இல்லாததால் நான் உள்ளதைச் சொன்னேன். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்றார். உன் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்து, போடியில் முதலில் எடுத்த எக்ஸ்ரேயை வெளியே எடுத்தாள். யாரும் கேட்காத அந்தப் படத்தை அவள் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். டாக்டரம்மா இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தார். பழையதிலும் அதே இடத்தில் அதே உருண்டை, மங்கலாக. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. “இவ்வளவு நாளா இது அப்படியே உக்காந்திருக்கு பாருங்கம்மா. கேன்சர் இவ்வளவு பொறுமையா இருக்காது” என்றார். உன் அம்மாவின் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்தது அப்போதுதான்.

அறுவை டாக்டர் அந்த நேரத்தில் வார்டுக்குள் நுழைந்தார். இருவரும் என் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று பேசினார்கள்.

“சார், நீங்க கடிச்சு எடுத்தது சுவத்துலயா, நடுவுலயா?”

“நடுவுலதான். அடைச்சுக்கிட்டு நிக்கிறதைத்தான் கடிச்சேன்.”

“அப்ப அது சுவத்துக் குருத்தெலும்பா எப்படி இருக்கும் சார்? நடுவழியில குருத்தெலும்புக்கு என்ன வேலை? நானும் முதல்ல எங்க ரிப்போர்ட்டை ஒத்துக்கிட்டேன். மனசு ஒப்பாம ஸ்லைடைத் திரும்பப் பாத்தேன். சுவத்துல இருக்கிறது தகடு மாதிரி ஒழுங்கா இருக்கும். இது திட்டுத் திட்டா இருக்கு, பக்கத்துல கொழுப்பு ஒட்டியிருக்கு. நீங்க குறி தப்பலை சார். நாங்கதான் தப்பிட்டோம். அந்தக் கட்டியே குருத்தெலும்புதான்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்க. நீங்க கண்ணாடியைப் பாக்குறீங்கம்மா, நான் ஆளைப் பாக்குறேன். தள்ளிப்போட்டு, இது கேன்சரா இருந்து பரவிருச்சுன்னா ஆளு போயிருவாரு.”

“ஆமா சார். இல்லாம இருந்தா ஒரு நுரையீரல் போயிரும். இன்னொரு தடவை ஆழமா எடுத்துக் குடுங்க. நான் பக்கத்துல வந்து நிக்கிறேன்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு உன் அம்மாவைப் பார்த்தார். “சரி, வாங்க” என்றார். அவ்வளவுதான். தன் முடிவை ஒரு வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில் நிறுத்திவைத்த அந்த மனிதருக்கும் நான் கடன்பட்டவன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மறுபடி இரும்புக் குழாய். இந்தத் தடவை டாக்டரம்மா ஓரத்தில் நின்று, வந்த துண்டைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. என் சாவுக்கு யார் யார் வருவார்கள், யாரை வரக் கூடாது என்று சொல்லிவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முடிவைத் தாளில் அனுப்பாமல் அவரே நடந்து வந்தார். வாசலிலேயே தலையை ஆட்டினார். “கேன்சர் இல்லை” என்றார். குருத்தெலும்பு, கொழுப்பு, கொஞ்சம் சுரப்பி. மூச்சுக்குழலில் வழக்கமாக இருக்கிற சரக்குத்தான், ஒழுங்கில்லாமல் ஓரிடத்தில் குவிந்து வளர்ந்திருக்கிறது, மிகவும் அபூர்வம் என்றார். உன் அம்மாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் வேறு மாதிரி சொன்னார்: “எல்லாம் உள்ளூர் ஆளுகதாம்மா. பஸ்சுக்கு வரிசையில நிக்காம வாசல்லயே கும்பலா நின்னுட்டாங்க. வெளியூர் ரவுடி யாரும் இல்லை.”

நெஞ்சைத் திறந்து, மூச்சுக்குழலைக் கீறி, அந்த உருண்டையை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்தார்கள். வாடிய இலை போலச் சுருண்டு கிடந்த நுரையீரலின் கீழ்ப்பகுதி, காற்று உள்ளே போனதும் மெல்ல விரிந்ததைப் பார்க்க அழகாக இருந்தது என்று அறுவை டாக்டர் பிறகு சொன்னார். அழகு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைப் பார்ப்பதற்கு முன் காயைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். மருந்துத் தண்ணீருக்குள் வெளுத்த உருண்டை; பாதியாக வெட்டிய முகம் முற்றிய நுங்கு போலப் பளபளப்பாக இருந்தது. பெரியப்பா பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் டாக்டரம்மா காய் இருக்கும். மேல சதை மூடிருச்சு. இன்னும் கொஞ்சம் வெட்டுங்க.”

“வெட்டியாச்சுங்கய்யா. காய் இல்லை.”

“அப்ப கரைஞ்சிருக்கும்.”

“சரிங்கய்யா” என்றார் அவர். அவ்வளவு படித்தவர், ஓர் அறுவை டாக்டரை எதிர்த்து நின்றவர், உன் பெரியப்பாவிடம் “சரிங்கய்யா” என்றார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பெரியப்பா என் கட்டிலுக்கு வந்து, என் வலது நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். டி.பி. என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னைத் தள்ளாமல், குத்தாமல் தொட்டது அன்றுதான். நிமிர்ந்து, “விசில் நின்னுருச்சுடா” என்றார். வெளியே போய் நின்றுகொண்டார்.

வீடு திரும்புவதற்கு முன் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலம் பாய்ந்த பரப்பில் சின்னச் சின்ன அறைகள். அறைக்குள் ஒன்றும் இரண்டுமாக உயிரணுக்கள். என்னைக் கொல்லப் பார்த்தது இவ்வளவு சாதுவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் திணறினேன். “நீங்க கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா அடுத்த ஸ்லைடைப் பாப்பேன்” என்றார்.

அதற்குப் பிறகு தோட்டம் எனக்குத் திரும்பவில்லை. பாகம் பிரித்தபோது குரங்கணிக்கு மேலே காப்பித் துண்டு என் பங்குக்கு வந்தது. ஜீப்பு போகாத இடம். இன்றும் நான் அங்கே நடந்துதான் ஏறுகிறேன், இரண்டு நுரையீரலோடு. ஏறி முடித்து நிற்கும்போது கோபம் எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. இறங்கும்போது வந்துவிடுகிறது, அது வேறு.

அதனால்தான் சிரித்தேன், தாயி. உன் அத்தை சொல்கிற நாடி பார்க்காத டாக்டர்தான் உன் தகப்பனின் மூச்சை வைத்துவிட்டுப் போனார். உன் மேஜைக்கு வருகிற துண்டு யாருடைய உடம்பின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் எழுதிவிடாதே. சந்தேகம் வந்தால் படியிறங்கிப் போய் அந்த ஆளைப் பார். அவன் மனைவி எதையாவது சொன்னால் சிரிக்காமல் கேள். தவறு உன் பக்கம் இருந்தால் அந்த அம்மாள் போல “நாங்கதான் தப்பிட்டோம்” என்று சொல்லிவிடு. அப்படிச் சொல்லத் தெரியாதவர்களிடம் நான் என் வாழ்க்கையில் நிறைய அடிபட்டிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

ஒரே ஒரு வேலை. கிளம்புவதற்கு முன் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வா. என்னால் போக முடியாது. அந்தச் சுவரில் ஆணி இன்னும் இருக்கிறது. அவர் உன்னை உட்காரவைத்து ஆரம்பிப்பார்: “ஒங்கப்பன் நெஞ்சுக்குள்ள ஏலக்காய் இருந்துச்சு தாயி. பெரிய பெரிய டாக்டரெல்லாம் பாத்தாங்க, ஒருத்தனுக்கும் தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்.” நீ டாக்டர். உனக்கு வாய் துறுதுறுக்கும். திருத்தாதே. முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, காலில் விழுந்து கும்பிடு. எழுந்ததும் இன்னொரு தடவை விழு. எதற்கு இரண்டு தடவை என்று அவர் கேட்டால், ஒன்றும் சொல்லாமல் வந்துவிடு.

அப்பா